டிரைவர் இல்லாத ரயிலில் மதினி

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் பக்கத்து அகரத்திலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், என் அண்ணனுக்கு வேண்டப்பட்டவர். அவரும் அவர் மனைவியும் பிரான்சில் உள்ள லூர்துக்கு யாத்திரை வருகிறார்களாம். திரும்பும் வழியில் நாங்கள் இருக்கும் லியோன் நகரத்தில் இரண்டு நாள் தங்கிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். குளிர் எவ்வளவு இருக்கும், அரிசி கிடைக்குமா, குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டுமா என்று எழுதி வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, அங்க வழி தவறிப் போயிட்டா என்ன செய்யணும்?" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மெட்ரோவில் ஏ, பி, சி, டி என்று நான்கு தடங்கள். டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, மெஷினில் விட்டு எடுக்க வேண்டும். ஒரு டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம். ஊருக்கு நடுவே ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. எந்த ஆற்றைத் தாண்டினோம் என்பது நினைவிருந்தால் பாதி வழி தெரிந்த மாதிரிதான். மேற்கே குன்றின்மேல் மாதா கோயில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அவர் எழுதிக்கொண்டார். பக்கத்தில் அவர் மனைவி ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது கேட்டது.

போனை வைத்த பிறகு, அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லையே என்று தோன்றியது. எங்கள் வீட்டிலேயே ஒருவர் இந்த நகரத்தில் வழி தவறிப் போனார். அது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. ஊரில் இருப்பவர்களுக்கு அதை இதுவரை முழுதாக எழுதியதில்லை.

2

நான் 1990இல் கல்யாணம் முடிந்து திண்டுக்கல்லிலிருந்து இங்கே வந்தேன். என் கணவர் ஆன்டனியின் குடும்பம் பாண்டிச்சேரி. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. ஆன்டனிக்கு ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. வந்த புதிதில் எனக்கு இருந்த பிரெஞ்சு, வகுப்பில் படித்த ஐம்பது வார்த்தை. பக்கத்து வீட்டு அம்மாள் விருந்துக்குக் கூப்பிட்டு மேலும் மேலும் பரிமாறினார். வயிறு நிறைந்துவிட்டது என்பதற்கு 'நான் நிறைந்திருக்கிறேன்' என்று பிரெஞ்சில் சொன்னேன். மேசையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சினையாக இருக்கும் பசுவைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள் என்று வீட்டுக்கு வந்த பிறகு ஆன்டனி சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வருடம் யார் வீட்டிலும் நான் வாயைத் திறக்கவில்லை.

2004 செப்டம்பரில் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. நவம்பரில் ஆபரேஷன். அதன்பின் ஆறு வாரம் தண்ணீர்க் குடம் அளவுக்குக்கூட எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். ஆன்டனியின் ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறும். மகள் மெலனிக்குப் பதின்மூன்று வயது. அண்ணனுக்குப் போன் போட்டு விஷயத்தை மட்டும் சொன்னேன், உதவி கேட்கவில்லை. போனை மதினி வாங்கினார்.

"நான் வாரேன்."

"மதினி, இது ரொம்ப தூரம்."

"தூரம்னா ஏறி உக்காந்தா போகுது. என்னென்ன பேப்பரு வேணும்னு மட்டும் சொல்லு."

மதினியின் பெயர் செங்கோல்மேரி. அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும், வயசுக்கு வந்தபோது பக்கத்தில் இருந்ததும் மதினிதான். அண்ணனுக்குச் சின்ன வெங்காய மண்டி. அவருக்கு முதுகில் அடிபட்ட பிறகு, ஐந்தாம் வகுப்பு படித்த மதினி மண்டியில் உட்கார்ந்து, லாரிக்காரர்களோடும் ஒட்டன்சத்திரத்து வியாபாரிகளோடும் பேசிப் பழகி, அதைக் கரையேற்றினார். ஆனால் அதுவரை அவர் போயிருந்த அதிகபட்ச தூரம் வேளாங்கண்ணி.

இங்கே ஒருவரை விருந்தாளியாக அழைப்பதென்றால் நகராட்சியில் ஒரு வரவேற்புச் சான்று வாங்க வேண்டும். வீட்டு வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, கரண்டு பில் எல்லாம் கொடுத்தோம். ஒருவர் நாடாவோடு வந்து, விருந்தாளி படுக்கப்போகும் அறையை அளந்துகொண்டு போனார். அலுவலகத்தில் இருந்த பெண், 'உறவு முறை?' என்று கேட்டாள். அண்ணன் மனைவி என்றேன். 'பெல் சேர்' என்று எழுதினாள். அந்தச் சொல்லைப் பிரித்துப் பொருள் பார்த்தால் 'அழகான சகோதரி' என்று வரும். பதினான்கு வருடமாகக் கேட்கும் சொல்தான், அன்றுதான் அதன் பொருள் காதில் விழுந்தது. பிறகு குடும்பப் பெயர் என்ன என்றாள். மதினியின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று இரண்டு கட்டத்திலும் செங்கோல்மேரி, செங்கோல்மேரி என்று எழுதிக் கொடுத்தாள்.

பாண்டிச்சேரியில் விசாவுக்குப் போன இடத்தில், திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டிருக்கிறார்கள். மதினி, "மண்டியில வெங்காயம் போட்டது போட்டபடி கெடக்குங்கய்யா. நான் வராட்டி அம்புட்டும் அழுகிப் போயிரும்" என்றிருக்கிறார். விசா கிடைத்தது.

3

சென்னையிலிருந்து துபாய், துபாயிலிருந்து பாரிஸ், அங்கே விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கும் ரயில் நிலையத்தில் லியோனுக்கு வண்டி. இதுதான் வழி. ஆன்டனிக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கு ரத்தம் குறைந்து நடந்தாலே மூச்சு வாங்கியது. ஐந்து தாள்களில் மேலே தமிழும் கீழே பிரெஞ்சுமாக எழுதித் தபாலில் அனுப்பினேன். 'ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது?', 'என் பெட்டி எங்கே நிற்கும்?', 'லியோன் வந்ததும் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்' இப்படி. ஒவ்வொன்றின் அடியிலும் என் போன் எண்.

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். மதினி ஏற வேண்டிய ரயில் போய்விட்டது. லியோன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தேன். அப்போது தெரியாத எண்ணிலிருந்து போன்.

"தங்கச்சி, நான் பாரிஸ் எயர்போட்டில துப்புரவு வேலை செய்யிற ஆள். உங்கட அண்ணி என்னோடதான் நிக்கிறா. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

பாதையில் தாளை நீட்டிக்கொண்டு நின்ற மதினியைப் பார்த்து, "அக்கா, தமிழோ?" என்று கேட்டவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். கூட்டுகிற வண்டியைக் கூட வேலை செய்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, மதினியின் பெட்டியை இழுத்துக்கொண்டு டிக்கெட் கவுன்டருக்குப் போய்ப் பேசி அடுத்த ரயிலுக்கு மாற்றி வாங்கியிருக்கிறார். பெட்டி எண்ணைப் பார்த்து, பிளாட்பாரத்தில் அது நிற்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஏற்றிவிட்ட பிறகு மறுபடியும் கூப்பிட்டார். "ரெண்டு மணித்தியாலத்தில வந்திடுவா" என்றார். நன்றி சொல்லத் தொடங்கினேன். "எங்கட அம்மாவும் வரேக்க ஆரோ ஒருத்தர்தான் ஏத்தி விட்டவை" என்று சொல்லி வைத்துவிட்டார். பெயர் கேட்காமல் விட்டேன். எப்போது பாரிஸ் விமான நிலையம் வழியாகப் போனாலும் கூட்டுகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகிறேன்.

ரயில் வந்து நின்றது. மதினி, அண்ணனுடைய பழுப்பு ஸ்வெட்டர், வெள்ளைக் கம்பளித் தொப்பி, காலில் சாக்ஸும் செருப்புமாக இறங்கினார். பின்னாலேயே ஒருவர் பெட்டியை இறக்கி வைத்தார்.

"மூணாவது தாளத்தான் காமிச்சேன். ஒரு அம்மா படிச்சிட்டு பக்கத்துல சொன்னா, அவுக அடுத்தாளுக்குச் சொன்னாக. வண்டி மெதுவானதும் பெட்டியே சேந்து சொல்லுச்சு, லியோன், லியோன்னு. நான் தூங்கியிருந்தாலும் எழுப்பி எறக்கியிருப்பாக."

பெட்டிக்குள் பழைய சேலையில் சுற்றி நான்கு கிலோ சின்ன வெங்காயம் இருந்தது. அது இங்கேயும் கிடைக்கும் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை.

4

எங்கள் வீடு பரிலி ஸ்டேஷன் பக்கம், டி தடத்தில். அந்தத் தடத்தில் ரயிலை ஓட்ட ஆள் கிடையாது. எல்லாம் எங்கோ ஓர் அறையில் இருந்து கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. முதல் நாள் மதினி முன்கண்ணாடி அருகே நின்று, டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் சுரங்க இருட்டு ஓடி வருவதைப் பார்த்தார்.

"டிரைவரும் இல்ல, கண்டக்டரும் இல்ல. ஒன்னுன்னா நாம யார்கிட்ட கேக்குறது?"

"சுவத்துல பட்டன் இருக்கு மதினி. அமுக்கினா பேசுவாங்க."

"நான் பேசுறது அவுகளுக்கு வெளங்கணுமே."

அது நியாயமான கேள்வி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடத் தொலைந்துபோக மாட்டார். கன்னிவாடி, தொப்பம்பட்டி என்று கண்டக்டர்கள் தொண்டை கிழியக் கூவுவார்கள். ஏறிய பிறகு, இந்தம்மாவை இன்ன இடத்தில் இறக்கிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பஸ்ஸில் பாதிப் பேர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வார்கள். இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

மதினி எழுத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டிலிருந்து மூன்றாவது நிறுத்தம் ஆஸ்பத்திரி. ஒன்பது தாண்டினால் பெரிய மைதானம். ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்த ஐந்து நாளில் முதல் நாள்தான் ஆன்டனியோடு வந்தார். மறுநாளே பிளாஸ்கில் ரசத்தோடு தனியாக வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். வந்த முதல் வருடம் முழுக்க நான் தனியாக மெட்ரோ ஏறியதில்லை.

மெலனிக்குத்தான் சிரமமாக இருந்தது. அவளுக்குத் தமிழ் புரியும், பேச மாட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அந்த வருடத் தொடக்கத்தில் அவளுடைய வகுப்புத் தோழியின் அம்மா போனில் பேசும்போது, 'மொரீஷியஸில் இப்போது வெயில் காலமா?' என்று விசாரித்தார். மெலனி பள்ளியில் தன்னை மொரீஷியஸ்காரி என்று சொல்லி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அங்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள் உண்டு, கடற்கரை உண்டு, யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். நான் அந்த அம்மாவிடம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மெலனியிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குப் பயம்.

மதினியோடு தெருவில் நடக்க நேர்ந்தால் மெலனி நாலடி முன்னே போவாள். மதினி அதைக் கவனிப்பதாகவே தெரியவில்லை. "இந்தப் புள்ள என்ன வேகமா நடக்குது" என்பார்.

5

நான் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம். குன்றின்மேல் உள்ள மாதா கோயிலில் எனக்காக ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டும் என்றார் மதினி. புதன்கிழமை மத்தியானம் இங்கே பள்ளி கிடையாது. மெலனியைக் கூட அனுப்பினேன். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனாள்.

பழைய லியோன் என்ற ஸ்டேஷனில் இறங்கி, குன்றுக்கு ஏறும் கயிற்று ரயிலில் போனார்கள். மதினி முழந்தாளில் நின்று நெடுநேரம் ஜெபித்தாராம். கீழே இறங்கி, வீடு திரும்பும் பிளாட்பாரத்துக்கு வந்தபோது மணி ஐந்து, வேலை முடிந்து திரும்புகிற கூட்டம். அந்தக் கூட்டத்தில் மெலனியின் வகுப்புப் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். மெலனி மதினியிடமிருந்து விலகி, பத்தடி தள்ளி, வரைபடம் மாட்டிய பலகைக்கு அருகே தனியாக வந்தவள் போல நின்றுகொண்டாள்.

ரயில் வந்தது. கூட்டம் நெருக்கியதில் மதினி உள்ளே போய்விட்டார். திரும்பிப் பார்த்து, "ஏத்தா மெலனி" என்று கூப்பிட்டிருக்கிறார். தோழிகள் திரும்பிப் பார்த்தார்கள். மெலனி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு மூடியது. ரயில் போய்விட்டது.

அடுத்த ரயிலில் ஏறி அடுத்த ஸ்டேஷனுக்கு ஓடினாள். அது பெல்கூர், இரண்டு தடங்கள் சந்திக்கும் பெரிய நிலையம். மதினி அங்கே இல்லை. மேலும் கீழுமாக முக்கால் மணி நேரம் தேடிவிட்டு, ஸ்டேஷன் அலுவலகக் கதவைத் தட்டி, அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள். அழுகைக்கு நடுவே, மதினியைக் காணவில்லை என்பது மட்டும் புரிந்தது. பரிலியில் இறங்கி வீட்டுக்கு வருவாரோ என்று வாசல் மணியையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னல் வரை போனேன், அதற்கு மேல் முடியவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. குளிர் சுழியத்துக்கு அருகில். மதினியிடம் கைபேசி கிடையாது. இத்தனை தூரம் அழைத்து வந்து தொலைத்துவிட்டேனே, அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

அலுவலகத்தில் இருந்தவர் நடுத்தர வயதுப் பெண். அவருடைய பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்களாம். மெலனிக்குத் தண்ணீர் கொடுத்து, மூச்சு விடச் சொல்லி, பிறகு கேள்வி கேட்டார்.

"உன் அத்தை எந்த நாடு?"

பழக்கத்தில் மெலனியின் வாயில் மொரீஷியஸ் என்றுதான் வந்தது.

"அப்படியானால் பிரெஞ்சு புரியும். எல்லா ஸ்டேஷனிலும் அறிவிப்புச் செய்யச் சொல்கிறேன்" என்று போனை எடுத்தார் அந்தப் பெண்.

மெலனி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லை. இந்தியா. அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்."

அந்தப் பெண் எதற்காகப் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. "என் அம்மா முதல் வருடம் இதே ஸ்டேஷனில் வழி தவறிப்போனாள். அவளுக்கு அரபி மட்டும்தான் தெரியும்" என்றார். கட்டுப்பாட்டு அறையோடு கொஞ்ச நேரம் பேசினார், வாதாடினார் என்றே சொல்ல வேண்டும். பிறகு போனை மெலனியிடம் நீட்டினார். "நீ பேசு. தடம் முழுக்கக் கேட்கும். சுவரில் இருக்கும் அழைப்புப் பெட்டியை அமுக்கச் சொல். எந்த ஸ்டேஷனில் இருந்து அமுக்குகிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்."

மெலனி இதை எனக்குச் சொன்னபோது, போனை வாங்கிய பிறகு ஒரு வார்த்தையும் வரவில்லை என்றாள். புரிந்துகொள்ள மட்டுமே வைத்திருந்த மொழி. பதினைந்து ஸ்டேஷன். தோழிகளும் எங்கோ ஒரு பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள். பிறகு பேசினாள்.

"அத்தை, நான் மெலனி. நீ எங்க இருக்கியோ அங்கயே நில்லு. பயப்படாத. செவத்துல ஒரு பெட்டி இருக்கும், அதுல பட்டன் இருக்கு. அமுக்கு. அமுக்கிட்டுப் பேசு. நான் வாரேன்."

இரண்டு முறை சொன்னாள். பெரியவர்களை நீங்க என்று சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. நான் அவளை அதட்டும் தமிழ், கெஞ்சும் தமிழ், இதுதான் அவள் கேட்ட தமிழ். அது திண்டுக்கல் தமிழாகவே இருந்திருக்கிறது.

சில நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு கட்டுப்பாட்டு அறையிலிருந்து போனில் இணைப்புக் கொடுத்தார்கள். லாரி சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அந்த அறை முழுவதும் கேட்டது.

"ஏத்தா, நான் இங்கனதான் இருக்கேன். நீ பதறாம வா. கூட்டத்துல ஓடி வராத."

வெஸ் ஸ்டேஷன். தடத்தின் கடைசி, எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்த் திசை.

மெலனி போய் இறங்கியபோது மதினி அழைப்புப் பெட்டியைத் தொட்டபடி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வயதான பிரெஞ்சு அம்மாள். தன் கம்பளிக் கையுறைகளைக் கழற்றி மதினிக்கு மாட்டிவிட்டு, வெறுங்கையைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு காவலுக்கு நின்றிருக்கிறார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் இருவரும் நிறைய பேசினார்களாம். மெலனி வந்ததும் அந்த அம்மாள் அவளை ஒரு முறை முறைத்துவிட்டு, கையுறைகளைத் திரும்ப வாங்காமலே படியேறிப் போய்விட்டார்.

"எங்கடி போன?" என்றார் மதினி. "அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பி வந்து பாத்தா நீ இல்ல. சரி, அந்தப் பக்கமாப் போயிட்டியோன்னு ஒவ்வொரு ஸ்டேசனா எறங்கி எறங்கிப் பாத்துக்கிட்டே வாரேன். இதுக்கு மேல ரயிலு போகாதுன்னுட்டாக."

"நீ வீட்டுக்குப் போயிருக்கலாம்ல? உனக்கு வழி தெரியும்ல?"

"எனக்குத் தெரியும். உன்னக் காங்கலையே."

மதினி வழி தவறவே இல்லை. முதலில் ஏறிய ரயிலிலேயே உட்கார்ந்திருந்தால் இருபது நிமிடத்தில் வீடு வந்து சேர்ந்திருப்பார். தொலைந்துபோனது மெலனி என்று நினைத்து, அவளைத் தேடித்தான் நகரத்தின் மறுகோடி வரைக்கும் போயிருக்கிறார்.

மெலனி அழுதாள். தோழிகள் நின்றதையும், கூப்பிட்டது கேட்டும் திரும்பாததையும் பாதித் தமிழும் பாதிப் பிரெஞ்சுமாகச் சொன்னாள். மதினி அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"நீ பலகைகிட்ட நின்னத நான் பாத்தேன். அந்தப் புள்ளைகளையும் பாத்தேன். இது ஒரு குத்தமா? உங்கம்மா காலேஜு படிக்கிறப்ப, பஸ் ஸ்டாண்டுல என்னயப் பாத்தும் பாக்காத மாதிரி போனா. நான் மண்டியில இருந்து நேரா வந்தவ, தலை எல்லாம் வெங்காயச் சருகு. கூட நாலு புள்ளைக, நல்ல நல்ல தாவணி. நான் ஒரு பக்கமா ஒதுங்கிக்கிட்டேன். வருத்தமாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா நம்ம புள்ள இம்புட்டுப் பேரோட சேந்து சிரிச்சிக்கிட்டுப் போகுதேன்னு சந்தோசமாவும் இருந்துச்சு. வா, உங்கம்மா பதறிக்கிட்டுக் கெடப்பா."

6

அன்று மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். மதினி நேரே அடுப்படிக்குப் போய் உலை வைத்தார். மெலனி என் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், பெஞ்சில் மதினி சொன்னதையும் சேர்த்து.

மறுநாள் பள்ளியில் அந்த நான்கு பெண்களில் ஒருத்தி, ஸ்பீக்கரில் பேசியது நீதானே, அது என்ன மொழி என்று கேட்டிருக்கிறாள். தமிழ் என்றாள் மெலனி. மொரீஷியஸில் தமிழ் பேசுவார்களா என்று அவள் திருப்பிக் கேட்க, 'நான் மொரீஷியஸ் இல்லை' என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாள் கேலி இருந்தது. பிறகு அவர்கள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள். இதனால் மெலனி தமிழ்ப் பெண்ணாக மாறிவிட்டாள் என்று எழுதினால் அது பொய். இப்போது பதினெட்டு வயது, கனவு காண்பதும் கோபப்படுவதும் பிரெஞ்சில்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதினியோடு போனில் தமிழில் பேசுகிறாள். இன்னும் நீ என்றுதான் சொல்கிறாள். திருத்தப் போனால் மதினி என்னைத் திட்டுகிறார்.

இந்த நாட்டைப் பற்றி ஊருக்கு எழுதும்போதெல்லாம் குளிரையும் தாள்களையும் வரிசைகளையும் பற்றிக் குறைப்பட்டிருக்கிறேன். பெயர் தெரியாத யாழ்ப்பாணத்துக்காரரையும், கட்டுப்பாட்டு அறையோடு வாதாடிய பெண்ணையும், கையுறையைத் திரும்ப வாங்காமல் போன அம்மாளையும் பற்றி எழுதியதில்லை. டிசம்பரில் நடக்க முடிந்த அன்றே பெல்கூர் அலுவலகத்துக்கு ஒரு டப்பா அதிரசத்தோடு போனேன். அந்தப் பெண் வேறு ஸ்டேஷனுக்கு மாறியிருந்தார். டப்பாவை அங்கே இருந்தவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனால் நன்றி சொல்ல வேண்டிய முதல் ஆள் என் அடுப்படியில்தான் இருந்தார். அவரிடம் அந்தப் பேச்சை எடுக்க ஆறு வாரம் என்னால் முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் அன்று மதினி என்னைப் பார்க்கவில்லை என்று பதினேழு வருடம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எனக்கு வசதியாக இருந்தது.

ஜனவரியில், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, எங்களுக்கு வெங்காய வடகம் போட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று தொடங்கினார். வெளியே பனி. மதினி ஹாலில் இருந்த ஹீட்டர் மேல் ஒரு தட்டை வைத்து, வெள்ளைத் துணியை விரித்து, தரையில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தார். வீடு முழுக்க வெங்காய வாசனை. மெலனி ஜன்னலைத் திறக்கவில்லை. நான் எதிரே போய் நின்றேன்.

"மதினி, அன்னைக்கி பஸ் ஸ்டாண்டுல நான் உங்களப் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்."

மதினி தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தார்.

"அது அன்னைக்கே தெரியும்த்தா. அதச் சொல்லவா என்னய இம்புட்டுத் தூரம் கூப்புட்ட? ஊர்லயே சொல்லியிருந்தா எனக்கு அந்த ஏரோப்ளேனு மிச்சம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு புட்டத்தை நகர்த்திச் சுவர்ப் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"நிக்காத. கீழ உக்காரலாம்னு டாக்டரு சொல்லிட்டாருல்ல. உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் உருட்டிக் கொடுக்கக் கொடுக்க, ஒன்றோடொன்று ஒட்டாமல் நான் துணியில் அடுக்கினேன்.